விலக்கும் விலக்குவோரும்: புறநானூற்றுக் கைம்மைப் பாடல்களை (245–252) முன்வைத்து விலக்குக் கோட்பாடுகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மனித சமுதாயங்கள் அனைத்திலும் உணவு, உடல், சாவு, சொல் ஆகியவற்றைச் சூழ்ந்து விலக்குகள் நிலவுகின்றன. இவ்விலக்குகளை மானிடவியலாளர் பெரும்பாலும் ஆற்றல், ஆபத்து, ஒழுங்கு என்னும் கருத்துகளைக் கொண்டு விளக்கியுள்ளனர். சங்க இலக்கியத்தில் கைம்பெண்கள் மீது சுமத்தப்பட்ட விலக்குகளுக்கு ஜார்ஜ் ஹார்ட் அளித்த 'அணங்கு' விளக்கமும் இம்மரபினைச் சார்ந்ததே. புறநானூற்றின் 245 முதல் 252 வரையிலான பாடல்களை அவற்றின் வரிசைமுறையிலேயே வைத்து நோக்கும்பொழுது, அவ்விளக்கம் பாடல்களின் சான்றுகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. விலக்கு எதனால் தோன்றியது என்னும் வினாவோடு, அதனை விதிப்பவர் யார், சுமப்பவர் யார் என்னும் வினாக்களையும் பாடல்கள் எழுப்புகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச் சொற்கள்: விலக்கு, கைம்மை, தாபத நிலை, தபுதார நிலை, தாபத வாகை, அணங்கு, புறநானூறு.

முன்னுரை

'செய்யத்தகாதது' என்று ஒரு சமுதாயம் வரையறுத்து, மீறினால் கேடு விளையும் என்று நம்பும் செயல், பொருள், ஆள், சொல் ஆகியவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் 'டாபூ' என்னும் சொல் வழங்குகிறது. தமிழ் ஆய்வுலகில் இதற்கு 'விலக்கு' என்னும் சொல் பயன்படுகிறது. விலக்கினைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துக் கூறுதல் வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றினையும் தகுதி வழக்கு என வகுக்கிறது. மாதவிடாயைத் 'தூரம்' என்றும், இறந்தாரை 'இயற்கை எய்தினார்' என்றும் கூறும் இன்றைய வழக்குகளும் இம்மரபின் தொடர்ச்சியே. சொல் விலக்கினை இலக்கணமே நேரடியாக வகைப்படுத்தியது. வாழ்க்கை விலக்குகளையோ, குறிப்பாகக் கைம்மை நோன்பினை, இலக்கணம் ஒரு 'நிலை'யாகப் பெயரிட்டு வைத்தது. அப்பெயரிடலுக்கும் பாடல்கள் காட்டும் வாழ்வுக்கும் உள்ள இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுக்களம்.

1. விலக்குக் கோட்பாடுகளின் வளர்ச்சி

1777ஆம் ஆண்டு ஜேம்ஸ் குக் பசிபிக் பெருங்கடலின் டோங்காத் தீவுகளில் தங்கியிருந்தபொழுது இச்சொல்லைக் கேட்டு எழுதிவைத்தார். அவருடைய பயணக் குறிப்புகள் வாயிலாக அது ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. பின்னர் ஜேம்ஸ் ஃபிரேசர் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்பிற்காக இதனைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். சிக்மண்ட் ஃபிராய்ட் 1913இல் நூலாக வெளியிட்ட 'குலக்குறியும் விலக்கும்' என்னும் ஆய்வில், விலக்கின் இருமுகத் தன்மையைச் சுட்டினார். புனிதமானது, அஞ்சத்தக்கது என்னும் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது, ஆசையும் அச்சமும் பிணைந்த மனநிலையின் வெளிப்பாடு என்பது அவருடைய கருத்து.

ராட்கிளிஃப்-பிரவுன் 1939இல் ஆற்றிய ஃபிரேசர் சொற்பொழிவில் இவ்வுளவியல் விளக்கத்திலிருந்து விலகி, விலக்கு ஒரு சமுதாய மதிப்பினை வெளிப்படுத்தும் சடங்கு என்றார். 1952இல் மறைந்த ஃபிரான்ஸ் ஸ்டெய்னரின் ஆக்ஸ்ஃபோர்டு சொற்பொழிவுகள் 1956இல் நூல்வடிவம் பெற்றன. ஆபத்தில் இருப்பவரைக் காத்தல், அவ்வாறு ஆபத்தில் இருப்பதாலேயே ஆபத்தானவராகக் கருதப்படுபவரிடமிருந்து சமுதாயத்தைக் காத்தல் ஆகிய இரு பணிகளையும் விலக்கு ஒருங்கே ஆற்றுகிறது என்பது ஸ்டெய்னரின் முக்கியமான கண்டறிதல். மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட 'தூய்மையும் ஆபத்தும்' என்னும் நூலில், அழுக்கு என்பது இடம் மாறி நிற்கும் பொருளே என்றும், வகைப்பாட்டு ஒழுங்கைக் காப்பதே விலக்கின் வேலை என்றும் நிறுவினார்.

இக்கோட்பாடுகள் தம்முள் வேறுபடினும் ஒரு பொதுத்தன்மை உடையன. இவை அனைத்தும் 'சமுதாயம்', 'மனம்', 'ஒழுங்கு' ஆகியவற்றை விலக்கின் எழுவாயாகக் கொள்கின்றன. விலக்கினை வாய்திறந்து விதிக்கும் மனிதரும், அதனால் உணவும் உடையும் இழக்கும் மனிதரும் இவ்விளக்கங்களில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றனர். விலக்கினால் காக்கப்படுபவரும் அதன் சுமையைத் தாங்குபவரும் ஒருவரேயா என்பதைத் தனியே கேட்க வேண்டியுள்ளது.

2. அணங்கு விளக்கமும் பாடல்களின் சான்றும்

ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட பண்டைத் தமிழ்ப் பாடல்கள் பற்றிய நூலில், 'அணங்கு' என்னும் சொல்லை மையமாகக் கொண்டு சங்கச் சமுதாயத்தின் விலக்குகளை விளக்கினார். அணங்கு என்பது அச்சம் தரும் புனித ஆற்றல். அது பெண்ணிடம் சிறப்பாக உறைவது. கற்பொழுக்கத்தினால் கட்டுப்படுத்தப்படும்பொழுது நன்மை தருவது. கணவன் இறந்தபின் கட்டவிழும் ஆபத்துடையது. ஆகவே கைம்பெண்ணுக்குக் கடுமையான நோன்புகள் விதிக்கப்பட்டன என்பது அவ்விளக்கத்தின் சாரம். விலக்குகளை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்காமல் அவற்றினுள் ஓர் ஒழுங்கான கருத்தமைதி உண்டு என்று காட்டியதும், அவற்றைத் தமிழ் மண்ணின் பழைய வழக்கமாகக் கருதி ஆராய்ந்ததும் இவ்விளக்கத்தின் சிறப்புகள்.

வி. எஸ். ராஜம் 1986இல் எழுதிய கட்டுரையில் இதனை மறுத்தார். அணங்கு பெண்ணின் புனித ஆற்றலை மட்டும் குறிக்கும் சொல் அன்று. வருத்தம், வருத்துவது, தெய்வம், தெய்வம் உறையும் இடம் எனப் பல பொருள்களில் வழங்கும் அச்சொல்லை ஒரே பொருளுக்குள் குறுக்குதல் பொருந்தாது என்பது அவருடைய வாதம். இவ்விரு நிலைப்பாடுகளையும் கைம்மைப் பாடல்களோடு ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது.

தாபத நிலைத் துறையில் அமைந்த 248, 249, 250 ஆகிய பாடல்களில் அணங்கு என்னும் சொல் இடம்பெறவில்லை. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாடலிலும் அது இல்லை. அத்தேவி ஈமத்தை நோக்கிச் செல்லும் காட்சியை மதுரைப் பேராலவாயர் பாடிய 247ஆம் பாடலில் அச்சொல் உண்டு. ஆயின் அங்கு அது காட்டினுள் அமைந்த தெய்வத்தின் முன்றிலுக்கு அடையாக நிற்கிறது. தேவிக்கு அடையாக அன்று. பொன்முடியார் பாடிய 299ஆம் பாடல் மாதவிடாய் விலக்கினைப் பற்றிய அரிய சான்று. பெருஞ்செல்வம் உடையவனின் குதிரைகள், நெய்யுணவு உண்டு வளர்ந்தும், போர்க்களத்தில் பின்வாங்கி நின்ற நிலைக்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிர் உவமையாக வருகின்றனர். அங்கும் அணங்கு முருகனுடையது. மகளிர் ஆற்றல் மிக்கவராகக் காட்டப்படவில்லை. ஒடுங்கி நிற்பவராகவே காட்டப்படுகின்றனர்.

சொல் இல்லாமை கருத்து இல்லாமைக்குச் சான்றாகாது என்று ஹார்ட்டின் தரப்பில் மறுமொழி கூற இயலும். அகப்பாடல்களில் தலைவி அணங்காகக் கருதப்படும் இடங்கள் உள்ளன என்பதும் மறுக்க இயலாதது. எனவே சொல்லை விடுத்து, அச்சம் எங்கு உள்ளது என்பதைக் காணுதல் வேண்டும். ஆபத்தான ஆற்றல் உடையவளாகக் கைம்பெண் கருதப்பட்டிருந்தால், அவளைக் கண்டு அஞ்சுவோரைப் பாடல்கள் காட்டியிருக்க வேண்டும். 249, 250 ஆகியவற்றில் அவளைக் காண்பவர் இரங்குகின்றனரே அன்றி அஞ்சி ஒதுங்கவில்லை. அச்சம் உடையவள் அவளே. 247இல், காவல் மிக்க அரண்மனையில் சிறுபொழுது தனித்திருந்தாலே உயிர் நடுங்கும் இயல்பினள் தேவி என்று புலவர் கூறுகிறார். மாறோக்கத்து நப்பசலையார் பாடிய 280ஆம் பாடலில், கணவனின் சாவினை முன்னறிந்து கலங்கும் பெண் ஒருத்தி, மழித்த தலையோடு ஆம்பலின் அல்லியை உண்டு வாழும் வாழ்க்கை தனக்கு அரிது என்று நடுங்குகிறாள். அச்சம் விலக்கினைச் சுமக்க வேண்டியவளிடம்தான் உள்ளது. இவ்வச்சத்தினை அணங்கு விளக்கம் கணக்கில் கொள்ளவில்லை.

3. பெயரிடலில் அமைந்த வேறுபாடு

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளுள் தபுதார நிலை, தாபத நிலை ஆகிய இரண்டினையும் அடுத்தடுத்து வைக்கிறது. முன்னது மனைவியை இழந்தவனின் நிலை. பின்னது கணவனை இழந்தவளின் நிலை. இரண்டும் இணைத்துறைகள் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. பெயர்களின் அமைப்பினைக் கருதினால் அவை இணையானவை அல்ல என்பது புலனாகும். தபுதல் அழிதல், தாரம் மனைவி. எனவே ஆணின் நிலைக்கு இடப்பட்ட பெயர் அவன் இழந்ததைக் கூறுகிறது. தாபதம் தவம், நோன்பு என்னும் பொருளது. பெண்ணின் நிலைக்கு இடப்பட்ட பெயர் அவள் இழந்ததைக் கூறவில்லை. இனி அவள் செய்ய வேண்டியதைக் கூறுகிறது. ஆணுக்கு நேர்ந்தது ஒரு நிகழ்வு. பெண்ணுக்கு நேர்ந்தது ஒரு விதி. விலக்கு இங்கு நிலையின் பெயரிலேயே கலந்துவிடுகிறது.

புறநானூற்றின் வரிசைமுறை இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்குகிறது. 245ஆம் பாடல் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தபொழுது பாடியது. அவளை ஈமத்தில் இட்ட பின்னும் தான் உயிரோடு இருப்பதை எண்ணி அவன் வியந்து வருந்துகிறான். அவனுடைய துயரம் உண்மையானது; எனினும் அவன் உணவிலோ, படுக்கையிலோ, தலைமுடியிலோ எவ்வித மாற்றமும் விதிக்கப்படவில்லை. பாடலின் துறைக்குறிப்பும் கையறுநிலை என்றே உள்ளது. அடுத்து வரும் 246ஆம் பாடலோ, ஏறத்தாழப் பாதிப் பகுதியை, கைம்பெண் எதனை உண்ண வேண்டும், எதன்மீது துயில வேண்டும் என்பதைக் கூறுவதற்கே செலவிடுகிறது.

248 முதல் 250 வரை தாபத நிலைப் பாடல்கள். அவற்றைத் தொடர்ந்து மாற்பித்தியார் பாடிய 251, 252 ஆகிய இரண்டும் வாகைத்திணையில் தாபத வாகைத் துறையில் அமைந்துள்ளன. முன்பு மகளிரைக் கவர்ந்து திரிந்த ஒருவன் இப்பொழுது அருவியில் நீராடி, நிறம் மாறிய சடையோடு, தாளியின் இலையைக் கொய்யும் தவசியாக இருப்பதை அவை பாடுகின்றன. கைம்பெண்ணும் எளிய உணவு உண்கிறாள். தவசியும் இலை கொய்கிறான். அவள் தலைமுடி களையப்படுகிறது. அவன் முடி சடையாக வளர்கிறது. இருவர் நிலையும் 'தாபதம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறது. அவனுடைய தாபதம் வெற்றியையும் மேம்பாட்டையும் குறிக்கும் வாகையில் இடம்பெறுகிறது. அவளுடைய தாபதம் தொல்காப்பியத்தில் நிலையாமையைக் குறிக்கும் காஞ்சியிலும், தொகைக் குறிப்பில் பொதுவியலிலும் இடம்பெறுகிறது. துறத்தல் என்னும் செயல் ஒன்றே. விரும்பி ஏற்றவனுக்கு அது சிறப்பு. விதிக்கப்பட்டவளுக்கு அது நிலை. திணை, துறைக் குறிப்புகள் தொகுப்புக் காலத்தவை என்று கொண்டாலும், பாடல்களை இவ்வரிசையில் வைத்தவர் இவ்வேறுபாட்டை இயல்பானதாகவே கருதினர் என்பது தெளிவு.

4. இழக்கப்படும் பொருள்கள்

தாபத நிலைப் பாடல்கள் மூன்றும் உணர்ச்சியைவிடப் பொருள்களையே மிகுதியாகப் பேசுகின்றன. ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாடல் கைம்பெண்ணின் குரலில் அமைந்தது. இளமையில் தழையுடையாக அழகு செய்த வெள்ளாம்பல், கணவன் இறந்தபின் பொழுது தவறி உண்ணும் உணவுக்கு அல்லியைத் தரும் புல்லாக மாறிவிட்டது என்று அவள் கூறுகிறாள். அவள் இரங்குவது ஆம்பலுக்கு. மலர் மாறவில்லை, அதனை அவள் அணியலாம் என்னும் உரிமையே மாறியது. விலக்கு பொருளின் இயல்பில் இல்லை, அதனைக் கொள்ளும் உரிமையில் உள்ளது என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் தேவையில்லை.

249ஆம் பாடல் அளவினைக் கொண்டு பேசுகிறது. வளம் மிக்க நாட்டின் தலைவன், பலரோடு உண்டவன், இன்று தனக்கான உணவைப் பெறுவது முறத்தின் அளவே உள்ள சிறு நிலத்தில். அவ்விடத்தை அவன் மனைவி, கண்ணீரே நீராக, ஆப்பியால் மெழுகுகிறாள். தாயங்கண்ணியார் பாடிய 250ஆம் பாடல் வீட்டினைக் காட்டுகிறது. தாளிப்பின் ஒலி மிகுந்த அடுக்களையும், இரவலரைத் தடுத்து நிறுத்தி உணவளித்த வாயிலும் உடைய வளமனை, கூந்தல் கொய்து வளை நீக்கிய மனைவியோடு பொலிவிழந்து நிற்கிறது.

இங்கு ஒரு பொருளியல் கூறும் உள்ளது. 280ஆம் பாடலின் பெண் தன் வருங்காலத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. துடியனையும் பாணனையும் விறலியையும் விளித்து, அவர்களும் இனி இங்கு வாழ்வது அரிது என்கிறாள். புரவலனின் சாவினால் வீட்டின் வழங்கும் ஆற்றல் முடிகிறது. நெய், வளை, பாய், பூ ஆகிய ஒவ்வொன்றையும் மனைவியிடமிருந்து நீக்குதல் அம்முடிவினை அவள் உடலின் மீது எழுதுவதாகிறது. பாணர் வேறு புரவலரைத் தேடிச் செல்ல இயலும். அவளுக்கு அவ்வழி இல்லை. டக்ளஸ் கூறும் ஒழுங்கு இங்கு உண்டு என்பது உண்மையே. அவ்வொழுங்கின் விலையை ஒருவரே செலுத்துகிறார் என்பதும் அதே அளவு உண்மை.

5. விலக்குவோர் யார்?

இப்பாடல்களுள் விலக்குவோரை நேரில் நிறுத்துவது 246ஆம் பாடல். பெருங்கோப்பெண்டு தன்னைத் தடுக்கும் சான்றோர் பலரையும் மீண்டும் மீண்டும் விளிக்கிறாள். அவர்கள் அவளை ஈமத்திற்குச் செல்லாதே என்று விலக்குகின்றனர். விலக்குதல் என்னும் வினையே அப்பாடலில் ஆளப்படுகிறது. சான்றோரின் நோக்கில் அது உயிரைக் காக்கும் சொல். அவளோ அதன் பின்னுள்ள மற்றொரு விலக்கினைக் கேட்கிறாள். உயிரோடு இரு என்பதன் பொருள், நெய் படாத சோற்றையும் எள் துவையலையும் புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரையையும் உண்டு, பாயின்றிப் பரற்கல் மீது கிட என்பதே. ஆகவே அவர்கள் சொல்லைத் தீய சூழ்ச்சி என்கிறாள்.

இப்பாடலைக் கற்பின் மேன்மைக்கும் உடன்கட்டையின் சிறப்புக்கும் சான்றாகக் கொள்ளும் வாசிப்பு நெடுங்காலமாக உண்டு. அவ்வாசிப்பு பாடலின் இறுதியை மட்டும் கொண்டு நடுப்பகுதியை விட்டுவிடுகிறது. அரசமாதேவி தீயைத் தேர்ந்தெடுக்கும் முன், தீயல்லாத வாழ்வின் விவரங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். தாமரைப் பொய்கையும் தீயும் தனக்கு ஒன்றே என்று அவள் கூறுவது, இரண்டிற்கும் இடைப்பட்ட வாழ்வு அவளுக்கு மறுக்கப்பட்டதன் பின்னரே. எனவே இப்பாடலைத் தீயின் புகழாகக் கொள்வதினும், கைம்மை விலக்கின் மீதான குற்றச்சாட்டாகக் கொள்வதே பாடலின் அமைப்புக்குப் பொருந்தும். அதே வேளையில், அவளுடைய மறுப்பு எவரையும் விடுவிக்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். தான் அத்தகைய பெண்டிருள் ஒருத்தி அல்லள் என்று அவள் தன்னை வேறுபடுத்திக் கொள்கிறாள். அப்பெண்டிரின் நோன்பு அவ்வாறே எஞ்சுகிறது.

இலக்கணம் 'நிலை' என்று பெயரிட்டதை இப்பாடல் 'வினை'யாகக் காட்டுகிறது. நிலைக்கு எழுவாய் தேவையில்லை. வினைக்கு எழுவாய் வேண்டும். 246இல் அவ்வெழுவாய் சான்றோர்.

6. விலக்கு நீங்கும் முறை

விலக்கு வினை என்றால் அதனை விதிப்போர் மாறும்பொழுது அதுவும் மாறக்கூடும். இதற்கு ஹவாய்த் தீவுகளின் வரலாறு தெளிவான சான்று. அங்கு 'கபு' என வழங்கிய விலக்கு முறையில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உண்ணுதல் கூடாது. பன்றி இறைச்சி, வாழைப்பழம், தேங்காய் ஆகியன பெண்களுக்கு மறுக்கப்பட்டன. 1819இல் முதலாம் கமேஹமேஹா இறந்தபின், அவருடைய மனைவியரான கஅஹுமனு, கெயோபுஒலானி ஆகியோரின் தூண்டுதலால் புதிய அரசர் லிஹோலிஹோ பெண்களோடு அமர்ந்து உண்டார். அந்த உணவோடு கபு முறை குலைந்தது. கிறித்தவச் சமயப் பணியாளர் அங்கு வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஐரோப்பியரோடு நாற்பதாண்டுக் காலத் தொடர்பு அம்மாற்றத்திற்குப் பின்புலமாக இருந்தது என்பதை மறுக்க இயலாது. எனினும் விலக்கினை முறித்த செயல், அதனைச் சுமந்தவரும் விதிக்கும் இடத்தை நெருங்கியவருமான பெண்களிடமிருந்தே தொடங்கியது. பெருங்கோப்பெண்டும் அரசமாதேவியே, ஆயின் அவளிடம் இருந்தது மறுக்கும் சொல் மட்டுமே, விதியை மாற்றும் இடம் இல்லை.

இந்தியாவில் உடன்கட்டை வங்காளத்தில் 1829இலும் சென்னை மாகாணத்தில் 1830இலும் தடைசெய்யப்பட்டது. 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. இவை தீயையும் மணத்தையும் பற்றியவை. அன்றாட உணவு, அணி, சடங்குகளில் பங்கு ஆகியவை வீட்டிடமும் ஊரிடமுமே விடப்பட்டன. 2022 மே மாதத்தில் மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தின் ஹேர்வாட் கிராம ஊராட்சி, கணவன் இறந்தபின் வளை உடைத்தல், குங்குமம் அழித்தல் முதலிய சடங்குகளைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், கைம்பெண் கோயிலுக்குள் நுழைவதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்று கூறியது. முன்னதில் விலக்கும் ஊரே விலக்கினைத் திரும்பப் பெற முன்வந்தது. பின்னதில் விலக்குவோரை நோக்கி நீதிமன்றம் பேசியது. இரண்டிலும் எழுவாய் மீண்டும் வெளிப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. விலக்கினை ஆற்றல், ஆபத்து, ஒழுங்கு ஆகியவற்றால் மட்டும் விளக்கும் கோட்பாடுகள் அதன் சுமை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை மறைத்துவிடுகின்றன. கைம்மைப் பாடல்களில் அணங்கு கைம்பெண்ணுக்கு உரியதாகக் கூறப்படவில்லை. 247, 299 ஆகிய பாடல்களில் அது தெய்வம் உறையும் இடத்திற்கு உரியதாக வருகிறது. எனவே ராஜத்தின் மறுப்புக்கு இப்பாடல்கள் துணை நிற்கின்றன. அச்சம், கைம்பெண்ணைக் காண்பவரிடம் அன்றிக் கைம்பெண்ணாகப் போகிறவளிடமே காணப்படுகிறது. தபுதார நிலை, தாபத நிலை, தாபத வாகை ஆகிய பெயர்கள், ஒரே இழப்பும் ஒரே துறவும் பாலுக்கேற்ப வேறுவேறாக மதிப்பிடப்பட்டதைப் பதிவுசெய்கின்றன.

கைம்மை நோன்பினைப் பண்டைத் தமிழரின் பண்பாட்டுக் கூறு என்று எழுவாயின்றி எழுதும் ஆய்வுநடை, இலக்கணம் வகுத்த 'நிலை'யையே மீண்டும் எழுதுகிறது. யார் விலக்கினர், யாரிடமிருந்து எதனை விலக்கினர் என்று எழுதுவதற்கான சான்று 246ஆம் பாடலிலேயே உள்ளது. சங்க இலக்கியத்தில் காணப்படும் பிற விலக்குகளையும், குறிப்பாகத் தொழில், குடி, உணவு சார்ந்தவற்றையும், இவ்வினாக்களின் வழி ஆராய்வதற்கு இடமுண்டு.